ஒரு குளவியின் வரவு செலவுக் கணக்கு

1926-ம் ஆண்டு. இங்கிலாந்தில் எல்ஸ்ட்ரீ என்ற ஊரில், கண்ணாடிக் கூடத்தில் தக்காளி வளர்த்த ஒருவர் விநோதமான ஒன்றைக் கவனித்தார். இலைகளின் அடியில் அப்பிக் கிடக்கும் வெள்ளை ஈக் குஞ்சுகள் வெளுப்பாகத்தான் இருக்கும். ஆனால் சில குஞ்சுகள் கருப்பாக மாறியிருந்தன. செஷன்ட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஸ்பேயர் அவற்றை ஆராய்ந்தார். கருப்புக் குஞ்சு ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குளவி வளர்ந்துகொண்டிருந்தது!

அதன் பெயர் என்கார்சியா ஃபார்மோசா. நீளம் சுமார் 0.6 மில்லிமீட்டர்தான். தாய்க்குளவி வெள்ளை ஈக் குஞ்சுக்குள் ஒரு முட்டை இடும். அதிலிருந்து வரும் புழு, குஞ்சை உள்ளிருந்தே தின்று வளரும். செஷன்ட் நிலையம் இந்தக் குளவியைப் பெருக்கி, 1930-களில் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் வரை தோட்டக்காரர்களுக்கு அனுப்பியது.

கருப்புக் குஞ்சுகளை எண்ணினால் குளவி செய்த வேலை தெரிந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு செலவு விட்டுப்போகிறது. சில குஞ்சுகளில் குளவி முட்டை இடுவதில்லை. குத்தி, கசிகிற நீரைக் குடித்துவிடும். அப்படிப்பட்ட குஞ்சு கருக்காது, காய்ந்து செத்துப்போகும். அதிலிருந்து குளவியும் வராது.

பிள்ளை வளர வேண்டிய இடத்தைத் தாயே ஏன் தின்கிறது? 1950-ல் கலிபோர்னியாவின் ஸ்டான்லி ஃபிளாண்டர்ஸ் ஒட்டுண்ணிக் குளவிகளை இரண்டு வகையாகப் பிரித்தார். ஒரு வகை, எல்லா முட்டைகளும் முற்றிய நிலையிலேயே பிறக்கிறது. இன்னொரு வகை வாழ்நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக முட்டைகளை உருவாக்குகிறது. என்கார்சியா இரண்டாவது வகை. இனிப்பு நீர் அதை உயிரோடு வைத்திருக்கும், ஆனால் முட்டைக்குப் புரதம் வேண்டுமே! அது குஞ்சின் உடல் நீரில்தான் கிடைக்கிறது.

ஆக, குளவிக்கு ஒவ்வொரு குஞ்சும் கையில் இருக்கும் ஒரு மரக்கால் நெல் மாதிரி. விதைப்பதா, சோறாக்குவதா? எல்லாவற்றையும் விதைத்தால் உழ உடம்பில் தெம்பு இருக்காது. எல்லாவற்றையும் தின்றால் அடுத்த போகம் இல்லை. குஞ்சே கிடைக்காத நாட்களில் குளவி இன்னும் ஒரு படி போகிறது. வயிற்றில் முற்றிய முட்டைகளையே கரைத்து உடலுக்குச் சேர்த்துக்கொள்கிறது. பிள்ளைகளை இழந்து நாட்களை வாங்குகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. போன்ற மருந்துகள் வந்ததும் இந்தக் குளவியை மறந்துவிட்டார்கள். மருந்து அன்றைக்கே கொன்றது, கணக்கும் சுலபம். ஆனால் பூச்சிகள் மருந்துக்குப் பழகிப்போயின. 1970-களில் குளவியை மறுபடி தேடிப் போக வேண்டியதாயிற்று.

இன்று பல நாடுகளில் சிறு அட்டைகளில் ஒட்டி என்கார்சியாவை விற்கிறார்கள். அட்டையில் இருப்பவை அன்று எல்ஸ்ட்ரீயில் கண்ணில் பட்ட அதே கருப்புக் குஞ்சுகள்தான். குளவி தின்று தீர்த்தவற்றை எந்த அட்டையிலும் பார்க்க முடியாது. ஆனால் அவை இல்லாமல் இந்தக் கருப்புக் குஞ்சுகளில் பலவும் இல்லை.