உறையும் அரையும்

காட்டு வழி செல்வோனுக்குக் கத்தி உற்ற துணை. ஆயினும், அவன் இடறி விழுங்கால் அவனையே வெட்டக்கூடியதும் அக்கத்தியே. அதனை மெய் நோகாமலும் ஊறு நேராமலும் சுமப்பது எங்ஙனம்? மனிதனின் மிகப் பழைய வினாக்களுள் இதுவும் ஒன்று.

1991ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலைப் பனியில், ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் மாண்ட ஒருவனின் உடல் வெளிப்பட்டது. அவனிடம் சிக்கிமுக்கிக் கல்லாலான சிறு கத்தியொன்று இருந்தது. மரநாரினாற் பின்னிய உறையும், அதனை அரைக்கச்சையிற் பிணைக்கத் தோல் வாரும் உடனிருந்தன. கைகள் தொழிலுக்கு, கத்தி அரைக்கு என்னும் தெளிவு அன்றே பிறந்துவிட்டது.

பின்னர் இரும்பு வந்தது, அலகு நீண்டது, தொல்லையும் வளர்ந்தது. அரையிலே இறுகக் கட்டிய நெடுங்கத்தி நடக்கையிற் காலை இடிக்கும். அமர்கையில் விலாவைக் குத்தும். வட ஐரோப்பாவிலே துருவ மான் மேய்க்கும் சாமி இனத்தார், விறகு வெட்டும் பெருங்கத்தியைக் கச்சையினின்று தளர்வாகத் தொங்கவிட்டனர். அமரும்போது அது தானே விலகிக்கொள்ளும். நேபாள மலைவாசிகளோ, முனைப்பாரம் மிக்க குக்ரியை, மரத்தாற் செய்து தோல் போர்த்த உறையிலிட்டு, இடுப்புக் கச்சையிற் செருகினர். பாரத்தை இடுப்பு தாங்கிற்று. கால்கள் தடையின்றி மலையேறின. 1814 முதல் 1816 வரை அவர்களோடு பொருத ஆங்கிலேயர், தாம் திரட்டிய கூர்க்காப் படையினரிடமும் அக்கத்தியை இருக்கவிட்டனர்.

அலகின் கூர்மை கொல்லன் தந்தது. அதனோடு அஞ்சாது நடக்கும் துணிவை நல்கியவனோ உறை செய்தவன். பெயரறியா அவனையும் நாம் நினைத்தல் தகும்.