நண்டு நெபுலா படமான கதை

ரிஷப ராசியில், காளையின் கொம்பு நுனிக்குப் பக்கத்தில், சுமார் 6,500 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது நண்டு நெபுலா. வெடித்துச் சிதறிய விண்மீனின் மிச்சம் அது. அந்தச் சிவப்பு இழைகளை ஏதோ ஒரு புத்தக அட்டையிலாவது நாம் பார்த்திருப்போம்.

வெடிப்பு 1054 ஜூலையில் தெரிந்தது. சீன அரசவை வானியலர்கள் அதை ‘விருந்தாளி விண்மீன்’ என்று எழுதிவைத்தார்கள். 23 நாள் பட்டப்பகலிலேயே தெரிந்ததாம்! பிறகு மங்கி மறைந்துவிட, குறிப்பு மட்டும் ஏட்டில் கிடந்தது.

1731இல் ஜான் பெவிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதே இடத்தில் ஒரு மங்கல் திட்டைக் கண்டார். 1758இல் வால்நட்சத்திரத்தைத் தேடிய பிரெஞ்சுக்காரர் ஷார்ல் மெசியேவின் கண்ணிலும் அது பட்டது. இப்படி வால்நட்சத்திரம் போல ஏமாற்றும் திட்டுகளுக்கு அவர் போட்ட பட்டியலில் முதல் எண் இதற்குத்தான். அயர்லாந்தின் ராஸ் பிரபு 1844இல் வெளியிட்ட ஓவியத்தில் அது கால்கள் முளைத்த நண்டு போலிருந்தது. பின்னர் அவரே இன்னும் பெரிய தொலைநோக்கியில் பார்த்தபோது நண்டைக் காணவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஓவியத்தின் சிக்கல் இதுதான்: மாறியது வானமா, வரைந்த கையா என்று சொல்ல முடியாது. விடை இன்னொரு மருத்துவரிடமிருந்து வந்தது. 1871இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் ஜெலட்டின் பூசிய உலர் ஒளிப்படத் தகட்டை அறிமுகப்படுத்தினார். அதுவரை இருந்த ஈரத் தகடு காய்வதற்குள் படமெடுத்து முடிக்க வேண்டும். உலர் தகடோ மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்துக்கொள்ளும். லிவர்பூலில் கட்டடத் தொழிலில் பணம் சேர்த்த ஐசக் ராபர்ட்ஸ், 20 அங்குலத் தொலைநோக்கியோடு சசெக்ஸில் குடியேறி, 1892இல் நண்டு நெபுலாவை முதன்முதலாகப் படமெடுத்தார்.

ஆனால் என்னைச் சிலிர்க்க வைப்பது 1921தான். கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் ஜான் டங்கன், 1909இல் எடுத்த தகட்டையும் புதிய தகட்டையும் ஒப்பிட்டார். இழைகள் வெளிநோக்கி நகர்ந்திருந்தன! அந்த வேகத்தில் பின்னோக்கிக் கணக்கிட்டால் சுமார் 900 ஆண்டு வருகிறது என்று எட்வின் ஹப்பிள் 1928இல் எழுதினார். சீனர்களின் விருந்தாளியோடு அதை முடிச்சுப் போட்டார். தனிப் படம் அழகு. காலம் விட்டு எடுத்த இரண்டு படங்களே சாட்சி.

1969இல் பெல் ஆய்வகத்தில் கணினி நினைவகத்துக்காக யோசித்த சிசிடி சில்லு, ஒளியைப் பதிவுசெய்யும் கருவியாகித் தகட்டையே ஓரங்கட்டியது. ஹப்பிள் தொலைநோக்கிப் படங்களின் வண்ண முறையைப் பின்பற்றி, இன்று ஆர்வலர்கள் ஹைட்ரஜன், ஆக்ஸிஜன், கந்தக ஒளிக்குத் தனித்தனி வடிகட்டி போட்டு, மொட்டைமாடியிலிருந்தே இந்த நெபுலாவைப் படமெடுக்கிறார்கள். பத்தாண்டு இடைவெளியில் எடுத்ததை அடுக்கிப் பார்த்து, டங்கன் கண்ட நகர்வை அவர்களும் காண்கிறார்கள். அந்த வாயு நொடிக்குச் சுமார் 1,500 கிலோமீட்டர் வேகத்தில் இன்னும் விரிந்துகொண்டிருக்கிறது.