தொடர் ஓட்டமும் மெலேயும்

இன்றைய மென்பொருள் கம்பெனிகளில் பிள்ளைகள் தினமும் காலையில் 'ஸ்க்ரம்' என்று கூடுகிறார்கள். அது ரக்பி ஆட்டத்துச் சொல். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நமக்கு அது 'மெலே': தோளோடு தோள் சேர்த்துப் பந்துக்காக முட்டித் தள்ளுவது.

இந்த உவமையின் வேர் ஜப்பானில் இருக்கிறது. ஹோண்டா, கேனான் போன்ற கம்பெனிகளை ஆராய்ந்த தக்கேயூச்சி, நோனகா என்ற இரு பேராசிரியர்கள் 1986-இல் எழுதினார்கள்: ஒரு பிரிவு முடித்து அடுத்த பிரிவிடம் கொடுப்பது தொடர் ஓட்டம், எல்லோரும் சேர்ந்தே பந்தை முன்னேற்றுவது ரக்பி. 1993-இல் அமெரிக்கர் ஜெஃப் சதர்லேண்ட் இதை மென்பொருள் வேலைக்குக் கொண்டுவந்தார். 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி, இத்தகைய முறைகளுக்கு 'அஜைல்' என்று பொதுப்பெயர் வைத்தார்கள்.

கூட்டம் 15 நிமிடந்தான். நேற்று முடிந்தது என்ன, இன்று செய்வது என்ன, தடை எங்கே? தடையை நீக்கித் தருவதே அங்கே நடத்துபவரின் வேலை, அதிகாரம் செய்வதல்ல.

நம் அரசு அலுவலகக் கோப்போ தொடர் ஓட்டந்தான். எழுத்தர், கண்காணிப்பாளர், அதிகாரி என்று ஏறும். ஒரு சான்றிதழ் குறைந்தால் அதே வழியில் இறங்கும். குடும்ப ஓய்வூதியம் கேட்டு வந்த அம்மாள் அதுவரை வராந்தாவில் காத்திருப்பார். அந்த மூவரும் காலையில் கால் மணி நேரம் சேர்ந்து பேசியிருந்தால், அவர் அன்றைக்கே வீடு திரும்பியிருப்பார்.