வேலூர் வட்டாரத்தில் மருந்தாளுநர் தொழிலும் வெளிநாட்டுப் பணியும்

வேலூர் வட்டாரத்தில் ஆங்கில மருந்து கலக்கும் தொழில் மிஷன் மருத்துவமனைகளோடு வேரூன்றியது. ஆற்காடு மிஷனைச் சேர்ந்த சைலஸ் ஸ்கடர் 1866இல் ராணிப்பேட்டையில் மருத்துவமனை தொடங்கினார். அதே குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு சிகிச்சையைத் தொடங்க, இரண்டே ஆண்டில் அது 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனையானது. 1903இல் மருந்து கலக்கும் கம்பவுண்டர்களுக்கான பயிற்சி வந்தது. செவிலியர் பயிற்சி 1909இலும், பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இலும்தான் தொடங்கின. இன்று சி.எம்.சி. என்று உலகறிந்த நிறுவனம் முதன்முதலில் கற்றுக்கொடுத்த தொழில் மருந்து கலப்பதுதான். அதன் வரலாற்றில் இந்தச் செய்திக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

கம்பவுண்டரின் வேலை கண்ணும் கையும் சேர்ந்த வேலை. மருத்துவர் எழுதிய சீட்டைப் படித்து, கிரெயின், டிராம் கணக்கில் பொடியை நிறுத்து, கல்வத்தில் அரைத்து, அவுன்ஸ் கிளாசில் அளந்து மிக்சர் கலக்க வேண்டும். நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவரும் கழுவிய பாட்டிலில் அதை ஊற்றி, ஓரத்தைப் பல்பல்லாக வெட்டிய காகிதப் பட்டையை மேலே ஒட்டுவார்கள். ஒரு பல் ஒரு வேளை. படிக்கத் தெரியாதவரும் அளவு தவறாமல் குடிக்க அந்தப் பட்டை போதும். பொடிகள் வேளைக்கு ஒன்றாகப் பொட்டலம் மடிக்கப்படும். எதைச் சாப்பாட்டுக்கு முன் குடிப்பது, எதைக் குலுக்கிக் குடிப்பது என்பதை நோயாளிக்குப் புரியும் தமிழில் சொல்லி அனுப்புவதும் அவர் பொறுப்பே.

இந்தத் தொழிலுக்குச் சட்டம் மெதுவாகத்தான் வந்தது. ஆர்.என். சோப்ரா தலைமையிலான குழு 1930-31இல் நாடெங்கும் மருந்து விற்பனையை ஆராய்ந்து, கலப்பட மருந்தும் பயிற்சியற்ற கைகளும் மலிந்திருப்பதை எடுத்துக்காட்டியது. 1940இல் மருந்துச் சட்டமும், விடுதலைக்குப் பின் 1948இல் மருந்தகச் சட்டமும் பிறந்தன. பல ஆண்டுகள் அனுபவமுள்ள பழைய கம்பவுண்டர்களும் முதல் பதிவேட்டில் இடம்பெற வழி இருந்தது. புதியவர்களுக்கு டிப்ளமோ கட்டாயமாயிற்று. விதிகளின்படி, டி.பார்ம். எனப்படும் அந்த டிப்ளமோவை முடித்தவர் 500 மணி நேரம் நேரடிப் பயிற்சி பெற வேண்டும். அதில் குறைந்தது 250 மணி நேரம் சீட்டுப் பார்த்து மருந்து கொடுப்பதில் கழிய வேண்டும்.

பட்டப்படிப்பு வேறு திசையில் போனது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் 1932இல் தொடங்கிவைத்த பாடத்திட்டம் மருந்துத் தொழிற்சாலைக்கும் ஆய்வகத்துக்கும் ஆள் தயாரிப்பது. சொந்தமாக மருந்து செய்யாத நாட்டுக்கு அப்போது அதுவே தேவை. பின்னர் வந்த பி.பார்ம். படிப்புகளும் அதே தடத்தில் நடந்தன. மாத்திரை அழுத்தவும் மூலப்பொருளைச் சோதிக்கவும் தேர்ந்த பட்டதாரிக்கு, சர்க்கரை நோயாளி ஒருவர் எதிரே உட்கார்ந்தால் என்ன கேட்பது என்று தெரியாத நிலை உருவானது. கம்பவுண்டருக்குக் கைவந்த அந்தப் பகுதி பட்டத்திலிருந்து நழுவிப்போனது பெரிய இழப்பு.

1970களில் எண்ணெய்ப் பணத்தால் வளைகுடா நாடுகளில் மருத்துவமனைகள் பெருகின. தோல் ஏற்றுமதியால் வெளிநாட்டுத் தொடர்பு ஏற்கெனவே பழகியிருந்த ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஊர்களுக்கு மருந்தாளுநர் பணி என்ற புதிய வழி திறந்தது. தமிழ்நாடு அரசு 1978இல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைத் தொடங்கியது. பிற்காலத்தில் அங்கேயும் உரிமத் தேர்வு, சான்றிதழைக் கல்லூரியிடமே நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கும் ‘டேட்டாஃப்ளோ’ முறை என்று கட்டுப்பாடுகள் கூடின. சவூதி அரேபியா 2020இல் மருந்தாளுநர் பணியிடங்களில் முதற்கட்டமாக 20 விழுக்காட்டைத் தன் குடிமக்களுக்கு ஒதுக்கியது.

அமெரிக்காவின் ஒரு விதி இந்தியக் கல்வியையே அசைத்தது. 2003 ஜனவரி 1 முதல் பட்டம் பெறும் வெளிநாட்டினர் ஐந்தாண்டுப் படிப்பு முடித்திருந்தால்தான் அங்கே தகுதிச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம் என்றானது. நான்காண்டு பி.பார்ம். படித்தவர்களுக்குக் கதவு ஒரே நாளில் அடைபட்டது. 1990களின் பிற்பாதியில் மைசூரு, உதகை ஜே.எஸ்.எஸ். கல்லூரிகளில் நோயாளியை மையமாகக் கொண்ட முதுநிலைப் படிப்பு தொடங்கியிருந்தாலும், நாடு தழுவிய மாற்றம் 2008இல் வந்த பார்ம்.டி. விதிமுறைகளால்தான் ஏற்பட்டது. ஐந்தாண்டு படிப்பு, ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி, குறைந்தது 300 படுக்கை கொண்ட மருத்துவமனையின் இணைப்பு ஆகியவை அதில் கட்டாயம். மாணவர்கள் மீண்டும் வார்டுக்குள் நுழைந்தார்கள். வெளிநாட்டு விதியும் இதற்கொரு காரணம் என்றாலும், பலன் உள்ளூர் நோயாளிக்கும் கிடைத்தது.

வேலூரின் சத்துவாச்சாரி போன்ற பகுதியிலிருந்து இன்று புறப்பட நினைக்கும் மாணவர், நாட்டைப் பொறுத்துத் தயாராக வேண்டியிருக்கிறது. பிரிட்டனுக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் நான்கு பிரிவிலும் தலா 7 மதிப்பெண், அங்கே ஓராண்டுப் பட்டயம், பிறகு 52 வாரப் பயிற்சி, கடைசியில் பதிவுத் தேர்வு. அமெரிக்காவுக்குச் சமநிலைத் தேர்வும் டோஃபலும் முடிந்தபின் மாநில அளவில் பயிற்சியும் உரிமத் தேர்வுகளும் உண்டு. மருந்துப் பெயர்களிலும் கவனம் வேண்டும்: இங்கே பாராசிட்டமால், சால்பியூட்டமால் எனப் படித்தவர் அமெரிக்கத் தாளில் அசிட்டமினோஃபென், ஆல்பியூட்டரால் என்றே சந்திப்பார்.

கனடாவின் செய்முறைத் தேர்வில் நம் மாணவர்கள் தடுமாறும் இடம் கலந்துரையாடல். சில நிமிடமே தரப்படும் அறையில் நோயாளியாக நடிக்கும் ஒருவர் காத்திருப்பார். அவருக்கு ஒவ்வாமை உண்டா, வேறு என்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்டு, இன்ஹேலரை எப்படி உறிஞ்சுவது எனச் செய்துகாட்டி, அவர் புரிந்துகொண்டாரா என்றும் உறுதிசெய்ய வேண்டும். மனப்பாடம் இங்கே எடுபடாது.

பணம் பறிக்கும் முகவர்களிடம் எச்சரிக்கை தேவை. 1983ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். இரண்டாண்டு டிப்ளமோவை மட்டும் வைத்துக்கொண்டு அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ மருந்தாளுநராகப் பதிவு பெற முடியாது என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

பல இடங்களில் டி.பார்ம். மாணவரின் 500 மணி நேரப் பயிற்சி வெறும் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. வெளிநாட்டுத் தேர்வு சோதிப்பதும் உள்ளூர் நோயாளி எதிர்பார்ப்பதும் அந்த மணி நேரங்களில்தான் கற்கப்படுகின்றன. கல்லூரிகள் அதை முழுமையாக நடத்த வேண்டும். மாணவர்களும் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.