காளஹஸ்திக் கறுப்பு

பானையில் பிறக்கும்போது அது கறுப்பே இல்லை. துருவேறிய இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு மூடிவைத்தால், இரண்டு மூன்று வாரத்தில் புளித்து, வெளிறிய பழுப்பில் ஒரு நீர் கிடைக்கும். திருப்பதி மாவட்டம் ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரித் துணி ஓவியம் வரைபவர்கள் அதைக் கசிம் என்கிறார்கள். புளித்த வெல்லத்தின் அமிலம் இரும்பைக் கரைத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மறுபாதி துணியில் இருக்கிறது. கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்து அதில் காடாத்துணியை நனைத்து உலர்த்துவார்கள். கடுக்காயின் துவர்ப்பான டானின் நூலில் ஏறிக்கொள்ளும். பாலின் கொழுப்பு கோடு பரவாமல் பார்த்துக்கொள்ளும். புளியங்குச்சிக் கரியால் உருவம் போட்டபின், துணி சுற்றிய மூங்கில் எழுதுகோலைக் கசிமில் தோய்த்து இழுக்கிறார்கள். விரல் அழுத்தும் அளவுக்கே நீர் இறங்கும். இரும்பும் டானினும் சேர்ந்து காற்றும் பட்டதும் கோடு கண்ணெதிரே கறுக்கிறது. அதை அழிக்க வழியில்லை. காளஹஸ்திக் கோட்டின் துணிச்சல் இந்த வேதியியலிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன்.

பிறகுதான் மற்ற நிறங்கள் வரும். படிகார நீர் தொட்ட இடத்தில் மட்டும் வேர்ச்சாயம் சிவப்பாகப் பிடிக்கும். கடுக்காய்ப்பூ மஞ்சள் தரும். அவுரி நீலம் தரும்.

இந்த நிறங்கள் அருகருகே வந்ததும் கறுப்பு மாறுகிறது. அது ஏன் என்பதற்கு விடை பாரிஸில் கிடைத்தது. 1824-இல் கோப்லான் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற வேதியியலாளர் ஷெவ்ரலிடம் ஒரு புகார் வந்தது: நீல, ஊதாத் துணிமடிப்புகளின் நிழலில் கறுப்பு சோகையாகத் தெரிகிறது. சாயத்தைச் சோதித்தார், அதில் குறையில்லை. பக்கத்து நீலம் தன் எதிர்நிறமான ஆரஞ்சின் சாயலைக் கறுப்பின்மேல் ஏற்றிவிடுகிறது, கோளாறு பார்க்கும் கண்ணில்தான் என்று கண்டுபிடித்தார். 1839-இல் அவர் வெளியிட்ட நூல் ஓவியர்கள் கைக்குப் போயிற்று. ஓவியர் சூரா 1884 முதல் 1886 வரை வரைந்த ‘கிராந்த் ஜாத்’ ஓவியத்தில் புள்ளிபுள்ளியாக நிறங்களை அருகருகே வைத்ததற்கு இந்த விதி ஓர் அடிப்படை.

இதே விதியைக் காளஹஸ்தித் துணியில் வைத்துப் பாருங்கள். இங்கே கறுப்புக்குப் பெரும்பாலும் அண்டை மஞ்சள். மஞ்சளின் எதிர்நிறம் நீலமும் ஊதாவும் கலந்தது. அந்தச் சாயல் ஏறிய கறுப்பு கூடுதல் ஆழத்தோடு தெரிகிறது. ராமாயணக் காட்சியில் ஒரு புருவ வளைவு அத்தனை உக்கிரமாக இருப்பதில் வரைந்த கைக்கும் பங்குண்டு, பக்கத்து மஞ்சளுக்கும் பங்குண்டு.

ஐரோப்பாவில் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் பலர் கறுப்பை விலக்கிப் பார்த்தார்கள். ஆனால் 1946-இல் ஓவியர் மத்தீஸின் படங்கள் இடம்பெற்ற பாரிஸ் கண்காட்சி ஒன்றுக்குப் பெயரே ‘கறுப்பு ஒரு நிறம்’. காளஹஸ்தியிலோ அந்தக் காலத்தில் கலை நலிந்து, கசிம் பானையே வறண்டுபோகும் நிலை. கைவினைகளை மீட்கப் பாடுபட்ட கமலாதேவி சட்டோபாத்யாயவின் முயற்சியால் 1957-இல் தொடங்கிய பயிற்சி நிலையம் அதை மீட்டது. அந்த ஊர்க் கலைஞர் குருப்பச் செட்டி 2008-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

ஆனால் இந்தக் கறுப்புக்கு ஆயுள் குறைவு. நிறம் தந்த அதே இரும்பு பருத்தி இழையை மெல்ல அரிக்கிறது. பழந்துணிகளில் சிவப்பு உறுதியாக நிற்க, கறுப்புக் கோடு முதலில் இற்றுவிடுகிறது. ஈரமும் வெளிச்சமும் அதை விரைவாக்கும். கலம்காரி வாங்குகிறவர்கள் தயவுசெய்து வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள்.