ஓடுபாதை ஓரத்தில் நின்றவர்கள்

மோட்டார்ப் பந்தயத்தின் வரலாறு பெரும்பாலும் வென்றவர்களின் பட்டியலாகவே எழுதப்பட்டிருக்கிறது. எந்த ஆண்டு, எந்த வண்டி, யார் ஓட்டினார் என்ற மூன்று தகவல்களோடு அது நிறைவடைந்துவிடுகிறது. பகல் முழுவதும் வெயிலில் நின்று பார்த்துவிட்டுப் புழுதி படிந்த சட்டையோடு வீடு திரும்பிய பார்வையாளனுக்கு அதில் இடமில்லை. ஆனால் யாரெல்லாம் பார்க்க வரலாம் என்ற கேள்வி, இந்த விளையாட்டு பிறந்த நாளிலிருந்தே அதனுடன் இருந்து வந்திருக்கிறது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் 1980-களின் இறுதிவரை நடந்த பந்தயங்களை இந்தக் கேள்வியோடு அணுகினால், வெற்றிப் பட்டியலில் அகப்படாத சில விஷயங்கள் நமக்குத் தெரிய வருகின்றன.

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. அங்கே பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டச் சட்டம் இடம் தரவில்லை. எனவே லாக் கிங் என்ற நிலக்கிழார் வேபிரிட்ஜுக்கு அருகே தம் சொந்த நிலத்தில் கான்கிரீட் வட்டப்பாதை ஒன்றை அமைத்தார். 1907-இல் திறக்கப்பட்ட அந்த புரூக்லண்ட்ஸ் பாதையில் எல்லாமே குதிரைப் பந்தயத்திலிருந்து இரவல் பெறப்பட்டவை. வண்டிகளை நிறுத்தும் இடத்துக்குக் குதிரை லாயத்தை ஒட்டிய முற்றத்தின் பெயரே வைக்கப்பட்டது. தொடக்க காலத்தில் ஓட்டுநர்கள் ஜாக்கிகளைப் போல வண்ண மேலங்கி அணிந்தார்கள். தகுதியான மனிதர்கள் வருவார்கள், நெரிசல் இராது என்பதையே தன் சிறப்பாக அந்த இடம் விளம்பரம் செய்துகொண்டது. கூட்டம் வராமலிருப்பது அங்கே ஒரு பெருமை.

1939-இல் போர் வந்தது. புரூக்லண்ட்ஸ் விமானத் தொழிற்சாலைகளின் வசமாயிற்று. அதன்பின் அங்கே பந்தயம் நடக்கவே இல்லை. ஆனால் அதே போர் இங்கிலாந்தெங்கும் விமானத்தளங்களை விட்டுச் சென்றது. 1948-இல் குட்வுட், சில்வர்ஸ்டோன் என்ற இரு முன்னாள் தளங்களில் பந்தயங்கள் தொடங்கின. செலவு மிகக் குறைவு. வைக்கோற்கட்டு, காலி எண்ணெய்ப் பீப்பாய், கயிறு ஆகியவை போதும். குண்டுவீச்சு விமானங்களுக்காகப் போட்ட கான்கிரீட்டில் கிளப்புகள் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிக்கத் தொடங்கின.

இந்த வாய்ப்பு சென்னைக்கும் கிடைத்தது. கல்கத்தா நெடுஞ்சாலையில் செங்குன்றத்தைத் தாண்டினால் வருவது சோழவரம். நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரியால் அறியப்பட்ட ஊர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய தளம் ஒன்று அங்கே இருந்தது. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுபாதையைப் பந்தயத்துக்குப் பயன்படுத்தியது. தொடக்கத்தில் கிளப் என்பது கனவான்களின் சங்கம்தான். கம்பெனி அதிகாரிகளும் வசதி படைத்தவர்களும் அதில் இருந்தார்கள். ஆனால் பார்க்க வந்த கூட்டம் அந்த வட்டத்துக்குள் அடங்கவில்லை. புரூக்லண்ட்ஸ் எதை வேண்டாமென்று ஒதுக்கியதோ, அது சோழவரத்தில் தானாக வந்து சேர்ந்தது.

அந்த நாளை நாம் சற்று நிதானமாகப் பார்க்கலாம். பந்தயம் பெரும்பாலும் வெயில் கடுமையாகும் முன், பிப்ரவரி வாக்கில் நடக்கும். பேருந்திலும் இருசக்கர வண்டியிலும் காலையிலேயே புறப்பட்டாக வேண்டும். சாப்பாட்டையும் தண்ணீரையும் கையோடு கொண்டு போவது நல்லது. போய்ச் சேர்ந்ததும் புரிகிற முதல் உண்மை, விமானத்தளத்தில் நிழல் இல்லை என்பது. விமானம் இறங்குவதற்காக மரம் இல்லாமல், மேடு இல்லாமல் சமன்செய்த நிலம் அது. வரும் விமானியின் கண்ணுக்கு வசதியான அந்தத் தரை, நிற்பவனின் கண்ணுக்கு அப்படியே பாதகமானது. முன்வரிசையில் இல்லாதவன் காண்பது தலைகளுக்கு மேலே விரைந்து மறையும் ஒரு தலைக்கவசத்தை மட்டுமே.

எனவே அவன் காதால் பார்க்கப் பழகினான். தொலைவில் ஓர் உறுமல் எழுகிறது, அது கூர்மையாகிறது, வளைவுக்கு முன் கியர் இறங்குவது தனித்தனியாகக் கேட்கிறது, பிறகே வண்டி தெரிகிறது. விவரம் அறிந்தவர்கள் நேர்ப்பாதையை விட்டு வளைவுக்குப் போய்விடுவார்கள். நேர்ப்பாதையில் இயந்திரத்தின் வலிமை தெரியும், வளைவில்தான் ஓட்டுபவனின் கை தெரியும். இவற்றோடு ஒரு வாசனையும் உண்டு. அக்காலப் பந்தய எஞ்சின்கள் பலவற்றில் ஆமணக்கெண்ணெய் சேர்ந்த மசகெண்ணெய் ஊற்றப்பட்டது. நம் பாட்டிமார் வைத்திருந்த விளக்கெண்ணெய் கருகி வேகத்தின் வாசனையாக அந்த மைதானத்தில் மிதந்தது.

ஒரு பந்தயத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நீண்ட காத்திருப்பு. பேச்செல்லாம் அப்போதுதான் நடக்கும், பேசுபவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். ஏனெனில் ஓடியவற்றில் பல, அவர்கள் அன்றாடம் தொட்டுப் பழகிய வண்டிகள். இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம் அது. ஃபியட் சாலையில் டாக்சியாக ஓடியது, ஸ்டாண்டர்டு ஹெரால்டு சென்னையின் புறநகரில் உருவானது, என்ஃபீல்டு புல்லட் திருவொற்றியூரில் தயாரானது. கிடைத்த எஞ்சினையும் கிடைத்த இரும்புக்குழாயையும் கொண்டு உள்ளூர்ப் பட்டறைகள் பந்தய வண்டிகளைக் கட்டின. கயிற்றுக்கு வெளியே நின்ற மெக்கானிக் பையன், உள்ளே ஓடும் வண்டியின் வால்வு சரியில்லை என்பதைக் கேட்டே சொல்லிவிட முடியும். ஓட்டுபவனுக்கும் பார்ப்பவனுக்கும் நடுவே பணத்தின் தூரம் இருந்தது. அறிவின் தூரம் இல்லை.

1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் என்ற ஃபார்முலா ஒன் காரைச் சோழவரத்தில் ஓட்டினார். உலகம் அயல்நாட்டுப் பாதைகளில் பார்த்த வகை வண்டியைச் செங்குன்றம் வழியாகப் பேருந்தில் வந்தவர்கள் பார்த்தார்கள். அத்தகைய நாட்களின் நினைவுதான் சோழவரத்தை ஒரு தலைமுறையின் பேச்சில் தங்க வைத்தது என்று நாம் கருதுகிறோம்.

ஆயினும் ஏக்கத்தில் ஓர் ஆபத்து உண்டு. கூட்டத்துக்கும் வண்டிக்கும் நடுவே இருந்தது வைக்கோற்கட்டும் கயிறும்தான். 1955-இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஒரு மெர்சிடிஸ் கார் சிதறிக் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் இறந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் சாலையோரம் நின்ற ஒன்பது பேர் பலியானார்கள். அத்தோடு அந்தப் பந்தயம் நிறுத்தப்பட்டது. அருகில் நிற்பதன் விலை என்ன என்பதை உலகம் அப்படித்தான் கற்றது. ஓடுபாதை கிளப்புக்குச் சொந்தமானதும் அல்ல. சொந்தமில்லாத நிலத்தில் நிரந்தரமான தடுப்புகளைக் கட்டுவது எளிதல்ல.

கிளப் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கிப் பாதை அமைத்தது. 1990-இல் அது திறக்கப்பட்டது. கோயம்புத்தூரின் கரிவரதன் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு வடிவமைத்த ஃபார்முலா மாருதி வண்டிகள், பெருஞ்செல்வம் இல்லாதவர்களும் ஒற்றை இருக்கைப் பந்தயத்தில் இறங்க வழி செய்தன. நரேன் கார்த்திகேயன் அவ்வண்டியில் அப்பாதையில் தொடங்கி, 2005-இல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். சோழவரத்தின் கடன் வாங்கிய கான்கிரீட்டில் இருந்தபடியே இதைச் சாதித்திருக்க முடியும் என்று நாம் நம்பவில்லை.

ஓட்டுபவர்கள் பெற்றது பெரிது. பார்ப்பவர்கள் பெற்றது பாதுகாப்பு. அதையும் சிறிதென்று சொல்ல மாட்டோம். ஆனால் சோழவரத்தின் அந்தப் பெருங்கூட்டம் புதிய பாதைக்கு இடம் பெயரவில்லை. சாலையில் ஓடும் வண்டியும் பந்தயத்தில் ஓடும் வண்டியும் வெவ்வேறாகிப் போனதும், தொலைக்காட்சி உலகப் பந்தயங்களை வீட்டுக்குள் கொண்டு வந்ததும் அதற்குக் காரணங்கள். நெரிசல் இல்லாத பந்தயம் வேண்டுமென்று புரூக்லண்ட்ஸ் விரும்பியது, வேறொரு வழியில் இங்கே நிறைவேறிவிட்டது. வென்றவர்களின் பெயர்கள் கோப்பைகளில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வால்வின் ஓசையைக் கேட்டுச் சொன்ன அந்தப் பையனுக்கு இன்று எழுபது வயதிருக்கலாம். அவனைப் போன்றவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் சிறிது காலமே நமக்கு இருக்கிறது.