அரசினர் பாடசாலையும் மாணவர் பிரார்த்தனையும்

பொதுப் பாடசாலையிற் பிரார்த்தனை நடைபெறலாமா என்னும் வினா அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெடுங்காலப் பூசலுக்கு வித்தாயிற்று. 1844ஆம் ஆண்டிற் பிலடெல்பியா நகரப் பாடசாலைகளில் வேதாகமத்தின் எம்மொழிபெயர்ப்பை ஓதுவது என்பது பற்றிப் புரட்டெஸ்தாந்தருக்கும் கத்தோலிக்கருக்கும் பிணக்கு மூண்டது. குடியேறியோர்மீதிருந்த பகையும் அதனோடு சேரக் கலகம் விளைந்தது, ஆலயங்கள் எரிந்தன, உயிர்களும் மாய்ந்தன.

1951இல் நியூயோர்க் மாநிலக் கல்விச் சபையார் இத்தகைய பிணக்கிற்கு இடமின்றி, 22 ஆங்கிலச் சொற்களாலான பொதுப் பிரார்த்தனையொன்றை இயற்றினர். விரும்பாத மாணவர் விலகியிருக்கலாம் என்றும் விதிக்கப்பட்டது. எனினும் பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தனர். 1962 யூன் 25இல் உயர் நீதிமன்றம், ஆறு நீதியரசர் உடன்பட ஒருவர் மாறுபட, அவ்வழக்கத்தை விலக்கிற்று. பிரார்த்தனை இயற்றுதல் அரசின் தொழிலன்று என்பது நீதியரசர் ஹியூகோ பிளாக் கண்ட முடிபு. அரசு வகுத்த வழிபாட்டுக்கு உடன்படாமையாலேயே முன்னோர் பலர் இங்கிலாந்தை விட்டு நீங்கினர் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். விரும்பும் பிள்ளைகளுக்கு அவ்வாய்ப்பை மறுப்பது தகாது என நீதியரசர் ஸ்டூவேட் மாறுபட்டார்.

1963இல் வேதாகமம் ஓதும் சடங்கும் விலக்கப்பட்டது. ஆயின், சமயங்களை வரலாறாகவும் இலக்கியமாகவும் பயிலுதல் தடுக்கப்படவில்லை. 2022இலோ, விளையாட்டு முடிந்தபின் மைதானத்திற் பிரார்த்தித்த பயிற்றுநர் ஒருவரின் உரிமையை அந்நீதிமன்றமே ஏற்றது.

மாணவன் தன் உள்ளத்தே வேண்டுவதை எத்தீர்ப்பும் தடுத்ததில்லை. ஆயின், தோழரனைவரும் வணங்கி நிற்க, ஒரு சிறுவன் தனியே எழுந்து வெளியேறுதல் எளிதோ? ஏட்டில் எழுதிய உரிமை அவன் நெஞ்சின் தனிமையைப் போக்காது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாம்.